கறுப்புக் காரும் காய்ந்த துணியும்

ஜூன் 8, சனி

காலையில் எழுந்ததும் முதலில் செய்த வேலை, மாமாவின் துணியை ஒளித்து வைத்தது. பல்கூடத் துலக்கவில்லை. பின்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் அந்தப் பழுப்புத் துணியை எடுத்து வாஷிங் மெஷினில் ஈரத்துணிகளுக்கு அடியில் திணித்தேன். எம்.எஸ்ஸி. படித்து, ஒரு பரிசோதனைக் கூடத்தில் நாலு பேரை வேலை வாங்குகிற நான், மாமனாரின் துடைக்கும் துணியைத் திருடுகிறேன்.

மாமா வந்து ஆணியைப் பார்த்தார். கதவின் அந்தப் பக்கமும் பார்த்தார். "துணிக்குக் கால் முளைச்சுருச்சு போல," என்றார். நான் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான் என் திருட்டின் பலன்.

என் கணவருக்கு வெளியூரில் வேலை. ஒரு சனி விட்டு ஒரு சனி சாயங்காலம் வருவார், ஞாயிறு இரவு கிளம்பிவிடுவார். நடுவில் அந்தக் கறுப்புக் கார் வாசல் கூரையின் கீழ் சும்மாதான் நிற்கிறது. எங்கேயும் போகாத காரை மாமா தினமும் துடைக்கிறார். தூசியின் மேல் காய்ந்த துணி. வெள்ளைக் காராக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கறுப்பில் ஒவ்வொரு இழையும் தெரிகிறது. வெயில் பட்டால் காரின் மேல் முழுக்கச் சிலந்தி வலை போலக் கீறல்.

கார் கழுவும் கடைக்காரர் முதல்முறை பார்த்தபோதே சொன்னார்: "யாரோ ரொம்பப் பாசமா துடைக்கறாங்கக்கா. இதுக்கு உப்புத்தாளே போட்டிருக்கலாம்."

அவரிடமே பாலிஷும் வாக்ஸும் வாங்கி, எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டேன். ஒரு முழச் சதுரமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பாலிஷ், பஞ்சால் தேய்த்து, மங்கலாகக் காய்வதற்குள் மெல்லிய துணியால் எடுக்க வேண்டும். கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மிச்சக் கீறல் தெரியும். மறுபடி தேய்க்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேல் வாக்ஸ்.

அவர் வருகிற சனிக்கிழமையெல்லாம் இதேதான். இன்றும் அரைநாள் வேலை முடிந்து வந்து மதியம் முழுக்கத் தேய்த்தேன். காலையில் நுண்ணோக்கி, மதியம் கீறல். கண்ணுக்கு ஓய்வே கிடையாது. எதிர் வீட்டு டீச்சர் வாசலில் நின்று, "உங்க வீட்ல கண்ணாடியே வேண்டாம், கார்லயே பாத்து தலை வாரிக்கலாம்," என்றார். சிரித்தேன். தோள்பட்டை கழன்று விழுவது போல வலி.

இதையெல்லாம் ஏன் செய்கிறேன்? அந்த வலையை முதல்முறை பார்த்த அன்று அவர் தன் அப்பாவோடு நாள் முழுக்கப் பேசவில்லை. அந்த மௌனத்தை இன்னொரு ஞாயிற்றுக்கிழமை என்னால் தாங்க முடியாது. தேய்ப்பது அதைவிடச் சுலபம் என்று நினைத்தேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் என் கணவர் டம்ளரோடு காரைச் சுற்றி வந்தார். "பரவால்ல, நல்லா வெச்சிருக்கீங்க," என்றார். மாமா முகத்தில் அப்படி ஒரு பெருமை. துடைத்தவர் அவர்தானே!

வெளியே கிளம்பினோம். மாமா எங்களுக்கு முன்னாலேயே போய், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி நின்றார்.

"அப்பா, எனக்குக் கை இருக்கு."

"இருக்கட்டும்பா."

"விடுங்கன்னு சொல்றேன்."

மாமா முப்பது வருஷம் ஒரு கம்பெனி மேனேஜரின் காரை ஓட்டியவர். அதுவும் கறுப்புக் கார்தான். அதையும் தினமும் துடைத்தார், கதவு திறந்தார், மூடினார். என் கணவர் கறுப்பைத் தவிர வேறு நிறமே பார்க்க மாட்டேன் என்று கடையில் நின்ற நாள் ஞாபகம் இருக்கிறது. அப்பாவை அதில் ஜம்மென்று உட்கார வைக்கத்தான் வாங்கினார். அவரானால் உட்காருவதை விட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இருவருக்கும் நடுவில் நான், பஞ்சும் பாலிஷுமாக.

ஜூன் 10, திங்கள்

துவைத்த துணியை மாமாவே கொடியிலிருந்து எடுத்திருக்கிறார். நான் எழுந்தபோது கார் துடைத்தாகிவிட்டது. துணி ஆணியில்.

ஜூன் 13, வியாழன்

இன்று நேர்வழியில் முயன்றேன். பூனைக்குட்டி போல மெத்தென்று ஒரு புதுத் துணி வாங்கி வந்து கொடுத்தேன். "மாமா, முதல்ல தண்ணி ஊத்தித் தூசி போனப்புறம் இதால ஒத்தி எடுங்க. காஞ்ச துணி வேண்டாம், கீறல் விழுது."

துணியைத் தடவிப் பார்த்தார். "நல்லாருக்கு. குழந்தைக்கு மூஞ்சி துடைக்கலாம்."

"மாமா, நிஜமாத்தான் சொல்றேன்."

"நான் முப்பது வருஷம் துடைச்ச வண்டிம்மா. ஒரு கீறல் கிடையாது."

அது அந்தக் காலத்துப் பெயிண்ட், தடியாக அடித்திருப்பார்கள் என்று சொல்லலாம். கீறல் இருந்திருக்கும், உங்கள் கண்ணுக்கு அப்போதும் தெரிந்திருக்காது என்றும் சொல்லலாம். சொல்லவில்லை. போன வருஷம் கண்ணுக்காகத்தான் அவர் ஓட்டுவதை நிறுத்தினார். அதற்கு மேல் எதை நிறுத்தச் சொல்வது?

புதுத் துணி இப்போது அவர் மூக்குக்கண்ணாடி துடைக்கப் பயன்படுகிறது.

ஜூன் 22, சனி

என்ன எழுதுவது.

மதியம் வழக்கம் போலத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பானட்டின் விளிம்பில், வளைவு திரும்புகிற இடத்தில், உள்ளங்கை அளவுக்கு வெளிறிக் கிடந்தது. பாலிஷ் காய்ந்த தடம் என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. இன்னும் தேய்த்தேன். இன்னும் வெளிறியது. ஐயோ என்று கையை எடுத்துவிட்டேன்.

கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "எத்தனை தடவைக்கா தேய்ச்சீங்க?"

"எங்க வீட்டுக்காரர் வரும்போதெல்லாம்."

கடைக்காரர் சொன்னார்: "பாலிஷ்னா கீறலை மூடறது இல்லக்கா. கீறல் மறையற வரைக்கும் சுத்தி இருக்கறதைத் தேய்ச்சுக் கம்மி பண்றது. மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அது அந்த இடத்துல தீந்து போச்சு. நான் ஒருதடவை செய்யத்தானே சொன்னேன்?"

ஆமாம். ஒருதடவை செய்யத்தான் சொன்னார்.

மாமா துடைத்ததில் வந்தது மயிரிழைக் கீறல். நான் அதைப் போக்கப் போய் மேல்தோலையே உரித்துவிட்டேன். வாக்ஸை அந்த இடத்தில் அப்பி வைத்திருக்கிறேன். நாளைக் காலை வெயில் வராமலிருந்தால் நன்றாக இருக்கும்.

ஜூன் 23, ஞாயிறு

வெயில் வந்தது.

"இது என்ன?" என்று கணவர் கேட்டதும் மாமா, "நான்தான்பா ஏதோ பண்ணிட்டேன் போல," என்றார். என்ன ஆயிற்று என்றுகூட அவருக்குத் தெரியாது. பழி எங்கே விழுந்தாலும் தோளைக் கொடுத்துப் பழகிவிட்டார்.

"அவர் இல்ல. நான். பாலிஷ் போட்டேன்," என்றேன்.

"ஏன் போட்டே?"

"கீறல் போகட்டும்னு."

"கீறல் எப்படி வந்துச்சு?"

மாமாவின் கையில் அந்தத் துணி இருந்தது. அதுவே பதில் சொல்லிவிட்டது.

பிறகு கணவர் கத்தினது காரைப் பற்றியே இல்லை. "உங்க டிரைவர் வேலை முடிஞ்சு போச்சுப்பா. இது நம்ம வீடு. நான் உங்க முதலாளி இல்ல. எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் பாக்குது, பெத்தவனை இவன் கார் துடைக்க வெச்சிருக்கான்னு. இனிமே அந்தத் துணியைத் தொடக் கூடாது. காரையும் தொடக் கூடாது."

மாமா துணியை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். மகனைப் பார்த்து, "சரிங்க," என்றார்.

கணவரின் முகம் செத்துப் போய்விட்டது. சரிங்கவாம்! பெற்ற பிள்ளையிடம்!

இரவு கிளம்பும்போது கணவர் என்னிடம்: "அப்பா அக்கா வீட்ல இருக்கட்டும். அடுத்த தடவை வரும்போது நானே கொண்டு விடறேன். துணிமணியெல்லாம் பையில எடுத்து வை. உனக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்."

கொஞ்ச நாளைக்கா என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஓய்வு என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே ஏதோ ஒன்று காலை நீட்டிப் படுத்தது. அதை மறைக்க மாட்டேன், இங்கேயாவது. மாமாவுக்கு மாத்திரை, மாமாவுக்கு வெந்நீர், அவருக்கும் மகனுக்கும் நடுவில் தூது... எல்லாம் நின்றுபோனால்? எட்டு மணி வரை தூங்கலாம்.

ஜூன் 25, செவ்வாய்

மாமா காலையில் எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையாம். "எந்திரிச்சு என்னம்மா பண்ணப் போறேன்?"

நாத்தனார் போன் செய்தார். "மாடி ரூம்தான் இருக்கு. அப்பா படி ஏறுவாரா?" என்றார். நான் மாமாவின் முழங்கால் வலியைச் சொன்னேன். "ஏறிட்டா அப்புறம் இறங்க வேண்டியதில்லையே, சாப்பாடு மேலயே குடுத்துடுவேன். இங்க கார் கீர் எல்லாம் கிடையாது. ஒரு தொந்தரவும் இல்ல," என்றார். நாத்தனார் கெட்டவரில்லை. அவர் வீட்டில் இருக்கும் இடம் அவ்வளவுதான்.

ஜூன் 27, வியாழன்

காரின் மேல் தூசி. கண்ணாடி ஏறி பானட் இறங்கிப் பூனை நடந்த தடம். யாரும் துடைக்காததால் புதுக் கீறல் ஒன்றும் இல்லை.

வீடும் அப்படித்தான் இருக்கிறது.

ஜூன் 29, சனி

மாமாவுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டிய நாள். எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கே கூட்டிப் போக வேண்டும். வழக்கமாக ஆட்டோ. இன்று என்ன தோன்றியதோ, கார்ச் சாவியை எடுத்தேன். எனக்கு ஓட்டத் தெரியும். கணவர் ஊரில் இருந்தால் அவர் ஓட்டுவார், இல்லாதபோது நான் தொடுவதில்லை. அவ்வளவுதான்.

மாமா படபடவென்று முன்னால் போய் என் பக்கக் கதவைத் திறந்தார். பிறகு ஞாபகம் வந்து, சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார்.

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தேன். "ஏறுங்க மாமா."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

ஏறினார். பஸ்ஸில் பாதிச் சீட்டு கிடைத்தவர் போல நுனியில் உட்கார்ந்தார். நான் ராஜாவை ஏற்றிப் போகிற நினைப்பில் மெதுவாக ஓட்டினேன். இரண்டு திருப்பம்கூடத் தாண்டவில்லை.

"அம்மா, ஓரமா நிறுத்து. குமட்டுது."

பதறிப்போய் நிறுத்தினேன். இறங்கி, காற்று வாங்கி, முன் சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். "பின்னாடி உக்காந்தா ரோடே தெரியலம்மா. மேனேஜர் ஐயா அத்தனை வருஷம் எப்படித்தான் உக்காந்தாரோ, பாவம்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து! அவரும் சிரித்தார். உடனே, "கிளட்ச் மேல கால் வெச்சே ஓட்டாதே, தேஞ்சுரும்," என்று ஆரம்பித்தார். பரிசோதனைக் கூடம் வரும்வரை ஓயவில்லை.

திரும்பி வரும்போது அவராகவே சொன்னார். "உன் புருஷன் சின்னப் பையனா இருக்கறப்ப என்கூடக் கார் ஷெட்டுக்கு வருவான். நான் துடைக்கறதைப் பாத்துட்டு, 'இது நம்ம காராப்பா?'ன்னு கேட்டான் ஒரு நாள். துடைக்கற நேரத்துல நம்ம கார்டா, ஐயா ஏறிட்டா ஐயா கார்னு சொன்னேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். அதுக்கப்புறம் அவனும் ஒரு துணி எடுத்துக்குவான்."

"அவருக்கு இது ஞாபகம் இருக்கா மாமா?"

"யாருக்குத் தெரியும். கதவு திறந்தது மட்டும் ஞாபகம் இருக்கு போல."

மாமா துடைப்பதை ஏவலாளின் வேலை என்று நானும் கணவரும் முடிவு கட்டி வைத்திருந்தோம். இவர் இத்தனை நாளும் தினம் காலையில் ஒரு காரைச் சொந்தமாக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜூலை 2, செவ்வாய்

கணவர் போனில் கேட்டார்: "பை எடுத்து வெச்சாச்சா?" பார்க்கிறேன் என்றேன். மாமாவின் அலமாரியைத் திறந்தேன். மூடினேன். என் வலது தோள் இன்னும் சரியாகவில்லை.

ஜூலை 6, சனி

எழுந்ததும் முதலில் செய்தது: என் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருந்த பழுப்புத் துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கதவு ஆணியில் மாட்டியது. பிறகு பல் துலக்கினேன்.

மாமா தண்ணீர் குடிக்க வந்தார். ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவன் இன்னைக்கு வர்றானேம்மா."

"வரட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூனைத் தடத்திலிருந்து ஆரம்பித்திருந்தார். வட்டம் வட்டமாக, அழுத்தி, ஒரு அவசரமும் இல்லாமல். வெளிறின இடத்துக்கு வந்ததும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றி மட்டும் மெதுவாகத் துடைத்தார். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு கீறல் விழுந்திருக்கும். விழட்டும்.

எதிர் வீட்டு டீச்சர் வாசலில் நின்று பார்த்து, "என்ன சார், லீவு முடிஞ்சுருச்சா?" என்றார். "மெடிக்கல் லீவு டீச்சர்," என்றார் மாமா.

மதியம் வேலையிலிருந்து வந்தேன். மிச்சமிருந்த பாலிஷ், வாக்ஸ், பஞ்சு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டினேன். இந்த வீட்டில் நான் எடுத்து வைத்த பை அது ஒன்றுதான். திங்கட்கிழமை கடைக்காரரிடம் கொடுத்துவிடுவேன்.

கணவர் சாயங்காலம் வந்துவிடுவார். நாளைக் காலை வெயிலில் பார்ப்பார், கத்துவார். அந்த ஷெட்டில் ஒரு சின்னப் பையன் துணி எடுத்துத் துடைத்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கப்போகிறேன். ஞாபகம் இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும், மாமா எங்கேயும் போகப்போவதில்லை. இனி நான் அந்தக் காரைத் தேய்க்கப்போவதுமில்லை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம்கூட.

இப்போது படுத்துத் தூங்கப்போகிறேன். ஒரு சனிக்கிழமை மதியம் தூங்கி எத்தனை காலமாயிற்று.