மைனி எடுத்துக்கொண்ட கத்தரி

மைனி,

அலமாரியைத் துடைப்பதற்காக இன்று காலை அந்தத் தையல் பெட்டியை வெளியே எடுத்தேன். மூடியைத் திறந்ததும் பழைய வெல்வெட்டின் புழுங்கல் வாடை. கத்தரி இருந்த பள்ளமும், விரல் நுனியில் மாட்டும் வெள்ளி உறை இருந்த பள்ளமும் காலியாகவே கிடக்கின்றன. வீட்டில் வேறு யாரும் இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

எழுபதுகளில் கப்பல் வேலையில் இருந்த என் அண்ணன், உங்கள் புருசன், ஏதோ ஒரு துறைமுகத்தின் பழைய சாமான் கடையில் அதை உங்களுக்காக வாங்கிவந்தான். வெளியே ஆமை ஓட்டுப் பதிப்பு, ஓரங்களில் வெள்ளிப் பூவேலை. உள்ளே கொக்கு வடிவக் கத்தரி, தந்தத்தில் கடைந்த ஊசிக்கூடு, நூல் சுற்றிவைக்க முத்துச்சிப்பியில் அறுத்த பூக்கள். எந்தக் காலத்துச் சீமாட்டியின் பெட்டியோ! கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டு என்றாள் அம்மா.

"தைக்கதுக்குத்தான மாமி வாங்கியாந்திருக்காக?" என்று நீங்கள் அன்றைக்கே ஊசியில் நூல் கோத்துவிட்டீர்கள். ஒரு சிப்பிப் பூவை வெயிலில் திருப்பிப் பார்த்து, "நம்ம கடல்ல எடுத்த சிப்பியா இருந்தாலும் இருக்கும்ளா" என்று என்னிடம் சிரித்தீர்கள்.

அதற்கடுத்த பயணத்தில் அண்ணன் திரும்பவில்லை. அவனோடு கப்பலில் இருந்தவர் வந்து, வாசலிலேயே நின்று சொன்னார்: "அவன் இனி வர மாட்டாம்மா. அங்கன ஒருத்தியோட குடித்தனம் நடத்துதான்." அம்மாவின் கோபம் முழுவதும் உங்கள் மேல் திரும்பியது. "நீ ஒழுங்கா இருந்தா அவன் ஏம்ளா அங்கன நிக்கான்?" டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கினீர்கள். தையல் பெட்டியை எடுத்தபோது, "அது எம்மவன் வாங்கினது, வச்சிட்டுப் போ" என்றாள் அம்மா. வைத்துவிட்டு, வேம்பாருக்கு உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அம்மா பூசைக்குப் போன நேரம், பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். உப்பளங்களைத் தாண்டும்வரை துண்டோடு பெட்டியை மடியில் அணைத்தபடி தலையைக் குனிந்தே இருந்தேன். நீங்கள் யாருடைய சட்டைக்கோ பொத்தான் மாட்டும் காஜாவுக்குப் பிளேடால் கீறிக்கொண்டிருந்தீர்கள். கட்டைவிரலில் துணிக்கட்டு. பெட்டியைத் திறந்து கத்தரியையும் வெள்ளி உறையையும் மட்டும் எடுத்தீர்கள்.

"இது போதும்ளா. பெட்டியக் கொண்டுபோய் வச்சிரு."

"நீங்களே வச்சுக்கோங்க மைனி."

"பெட்டியப் பாத்தா ஒங்கண்ணன் ஞாபகம் வரும். கத்தரியப் பாத்தா வேலை ஞாபகம்தான் வரும்."

எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டு, சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள். அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஏசுவாள் என்று நின்றேன். காலியான பள்ளங்களை விரலால் தடவிக்கொண்டே, "மெலிஞ்சிட்டாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மூடியைச் சாத்தினாள். ஆனாலும் உங்களைத் திரும்ப அழைக்கவில்லை, சாகும்வரை அழைக்கவில்லை.

என் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போன பிறகு நானே வந்து கூப்பிட்டேன். "வந்து ஒன் வீட்டுல என்னத்தளா செய்ய? இங்கன எனக்குத் தையல் இருக்கு" என்றீர்கள். இரண்டு வீட்டிலும் ஒவ்வொருத்தியாக இருந்தோம். கோயில் திருவிழாவுக்கு வந்தால் ஒரு பொழுது தங்குவீர்கள். அவ்வளவுதான்.

போன மாதம் நீங்கள் இறந்த தகவல் வந்து வேம்பாருக்கு ஓடினேன். உங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் எனக்கு யாரையும் தெரியவில்லை. ஒருத்தி கேட்டாள்: "எங்கேருந்து வாரிய? நீங்க அவுகளுக்கு யாரு?"

"தூத்துக்குடி. அவுக எனக்கு மைனி."

"புருசன் வீட்டு ஆளுக யாருமே இல்லைன்னுல்லா சொன்னாக."

"நான் இருக்கேன்" என்றேன். அவள் நகர்ந்து உங்கள் தலைமாட்டில் எனக்கு இடம் விட்டாள்.

அண்ணனின் முகம் எனக்கு மறந்தேபோய்விட்டது. அவன் வழியாக வந்த உறவு மட்டும் என்னிடம் இருக்கிறது. திரும்பிப் பார்க்க ஆளில்லாத வீட்டில், "மைனி" என்று சில நேரம் வாய்விட்டே கூப்பிட்டுவிடுகிறேன்.