வடக்கே போகச் சொன்னேன்

சிரங்கோன்
சனிக்கிழமை, காலைத் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகள் இமாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் அபா, நாலு கோழி, ஒரு சோம்பேறிப் பூனை எல்லோரும் மூச்சோடு இருக்கிறோம், அல்லாஹ்வுக்கு நன்றி. அந்தக் குளிர் தேசத்தில் நீயும் ஃபத்லியும் அதே மாதிரி மூச்சோடும் மூன்று வேளைச் சோற்றோடும் இருக்க வேண்டும். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு எழுதினால் எழுத்து கோணுகிறது. நீ வாங்கிக்கொடுத்த போன் மீன்குளத்தில் விழுந்துவிட்டது. எப்படி விழுந்தது என்று கேட்பாய், நானே சொல்கிறேன். நம் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் குளத்துக்கு மேலே நிற்கிற கழிப்பறைக் குடிசைதான், உனக்குத் தெரியாததா. செவ்வாய்க்கிழமை அங்கே குந்தியபடி உன் செய்தியைப் படித்தேன். 'எமா, ஃபத்லியோட அம்மா நாளைக்கு அங்க வர்றாங்க' என்று இருந்தது. போன் கையிலிருந்து நழுவியது, அவ்வளவுதான். தீனி விழுகிறது என்று மீனெல்லாம் ஓடி வந்தன, பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பிப் போயின. அதனால்தான் நாலு நாளாக என்னிடமிருந்து சத்தம் இல்லை. உன் அபாவின் போன் பக்கத்து ஊர் வரைக்கும்தான் கேட்கும். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிப் பேசினால் நான் சொல்லப்போகிற சங்கதியை ஊர் முழுக்கக் கேட்கும். நம் ஊர்ப் பெண் யுயுன் திங்கட்கிழமை நீ இருக்கிற ஊருக்கு வேலைக்குப் புறப்படுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், கமா புள்ளியெல்லாம் வேண்டிய இடத்தில் நீயே போட்டுக்கொள்.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை, நெங் மகளே, பாம்பைத் துடைப்பத்தால் அடித்தவள். ஆனால் ஜகார்த்தாவிலிருந்து ஒரு அம்மாள் 'சும்மா ஊர் சுத்திப் பாக்கத்தான் வந்தேன், மலைக்காத்து வாங்கணும், சுண்டா சாப்பாடு சாப்பிடணும், மூங்கில் வாத்தியம் ஒரு தடவை கேக்கணும்' என்று சொல்லிக்கொண்டு, மகன் கட்டிக்கொள்ளப்போகிறவளின் வீட்டைப் பார்க்க வந்தால் யாருக்குத்தான் பயம் வராது. உன் அபா வேலிக்கு வெள்ளையடித்தார், பூனையைக்கூடக் குளிப்பாட்டினார், கையில் இன்னும் கீறல் இருக்கிறது. ஃபத்லியின் அம்மா இபு மஸ்வானி புதன்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார். நல்ல உயரம், வெள்ளைக் குடை, பூப்போட்ட அடி வைத்த செருப்பு. பானையோடு வெந்த சோறு, கருவாடு, மிளகாய்ச் சம்பல், பறித்த கையோடு பச்சை இலைகள், எல்லாவற்றையும் நீள வாழையிலையில் கொட்டி எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். இலைக் குவியலைப் பார்த்துவிட்டு 'இவ்ளோ பச்சை எலையா, உங்க வீட்ல புல்லு வெட்ட ஆளே வேண்டாம் போலயே' என்றார். நானும் விடவில்லை, 'ஆமா இபு, ஆடு வாங்கக் காசில்ல, அதான் நாங்களே மேயுறோம்' என்றேன். பிறகு அவருக்கு இலை எட்டவில்லையே என்று 'கொஞ்சம் தெக்கால தள்ளி உக்காருங்க' என்றேன். அந்த அம்மாள் கிழக்கே தள்ளி நேராகச் சம்பல் அரைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். உன் அபாவுக்குப் புரையேறிவிட்டது. அந்த அம்மாளோ எழுந்து துடைத்துக்கொண்டே 'எங்க ஊர்ல எல்லாருக்கும் எடது வலதுன்னு ரெண்டு கைதான், உங்களுக்கு நாலா?' என்று கேட்டார். நான்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தேன். அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் அங்க்லுங் மூங்கில்களைக் குலுக்கி வாசித்ததைக் கேட்டார், தலையாட்டினார், கடலைப் பொரி வாங்கித் தின்றார். ஆனால் நம்மைப் பற்றி வாயிலிருந்து நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை. கூரையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், சுவரில் இருக்கிற உன் படத்தைப் பார்த்து 'பொண்ணு இவ்ளோ ஒல்லியா?' என்று மட்டும் கேட்டார். அப்போ ஒல்லி, இப்போ உங்க மகன் வாங்கிக்கொடுத்துக் குண்டாகிவிட்டாள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஃபத்லி தன் அம்மா வேண்டாம் என்றால் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான் என்று நீதானே போன மாதம் அழுதாய். அந்த அம்மாளின் புருவம் ஏறினால் என் உயிர் இறங்கியது, இப்படித்தான் புதன்கிழமை போயிற்று.

வியாழக்கிழமை காலையில் சுடுநீர் ஊற்றைப் பார்க்க வேண்டும் என்றார். நானும் வருகிறேன் என்றேன், 'நீங்க மீனை இலையில கட்டி வேக வையுங்க, நேத்து சொன்னீங்களே, அது எனக்கு வேணும். மக்காவுல அத்தனை கூட்டத்துல தொலையாதவ உங்க மலையிலயா தொலையப்போறேன்' என்று சொல்லிவிட்டார். சரி என்று வாழையிலையில் சோறு, கருவாடு, ஒரு உப்பு முட்டை கட்டிக் கொடுத்தேன். வாசலில் நின்று வழி சொன்னேன். 'பெரிய மூங்கில் புதர் வரும் இபு, அங்க பாதை ரெண்டாப் பிரியும், வடக்கால போங்க, தெக்கால மட்டும் போயிடாதீங்க' என்றேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாக இருந்தது, எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் பார் என்று. தெற்குப் பாதை எங்கே போகிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹாஜி ஓயோவின் மூன்று ஆடுகள் போன மழையில் படுத்தவாக்கில் செத்துக் கிடந்த பள்ளம். மேகம் இறங்கிக் காற்று நின்றால் மலை விடுகிற விஷமூச்செல்லாம் அங்கே வந்து தேங்கும். குறுக்கே கட்டியிருந்த மூங்கில் தடுப்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, இன்னும் யாரும் திரும்பக் கட்டவில்லை.

மீனை இலையில் மடித்துக்கொண்டிருந்தேன், உன் அபா வயலிலிருந்து வந்தார். மேகம் இறங்கிவிட்டது, எதிரில் நிற்கிற மாடுகூடத் தெரியவில்லை என்றார். விருந்தாளி எங்கே என்று கேட்டார். ஊற்றுக்குப் போயிருக்கிறார், வடக்கே போகச் சொல்லி அனுப்பினேன் என்றேன். உன் அபா மண்வெட்டியைக் கீழே போட்டார். 'ஏண்டி, நேத்து தெக்கு எதுன்னு தெரியாம சம்பல் கல்லுல உக்காந்தவங்க அவங்க. சூரியனும் இல்லாத நேரத்துல வடக்குன்னு சொல்லி அனுப்பியிருக்கியே' என்றார். இமாஸ், என் கையில் இருந்த மீன் எங்கே போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. போனில் கூப்பிடலாம் என்று இடுப்பில் கை வைத்தேன், போன் குளத்தில். உன் அபா மூங்கில் மணியை அடிக்க ஓடினார், ஆள் கூடட்டும் என்று. நான் நிற்கவில்லை, தலைத்துணியைத் தண்ணீரில் முக்கி மூக்கோடு கட்டிக்கொண்டு ஓடினேன். இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நான் ஓடியதை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். நான் சிரிக்கவில்லை.

மூங்கில் புதரடியில் ஈரமண்ணில் பூப்போட்ட செருப்படி. வடக்கே ஒன்றுகூட இல்லை, தெற்கே வரிசையாக. வழியெல்லாம் பெயர் சொல்லிக் கத்தினேன், மேகம் என் சத்தத்தைத் தின்றுவிட்டது. ஒரு குருவிச் சத்தம் இல்லை, பூச்சிச் சத்தம் இல்லை, அதுதான் எனக்கு அதிக பயம். அந்த இடத்தில் பூச்சி கத்தாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று சின்னப் பிள்ளையிலேயே உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நானே மீறி நடந்தேன். பள்ளத்து வாடை வர ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தேன், ஃபத்லியின் அம்மாவை நான் கொன்றுவிட்டேன், என் மகள் இனி எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பாள், அவன்தான் இவளைப் பார்ப்பானா. யா அல்லாஹ், கல்யாணம் வேண்டாம், அந்த அம்மாள் என்னைத் திட்டட்டும், காறித் துப்பட்டும், உயிரோடு இருந்து துப்பட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

வெள்ளைக் குடை தெரிந்தது. பள்ளம் இறங்குகிற இடத்துக்குப் பத்தடிக்கு முன்னால் ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் நான் கட்டிக் கொடுத்த சோறு, கையில் உப்பு முட்டை, அதை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் வேண்டுதல் அப்படியே பலித்தது, என் பெயரைச் சொல்லித் திட்டத் தொடங்கினார். 'எந்தின், கெட்டுப்போன முட்டையையா விருந்தாளிக்குக் கட்டிக் குடுப்பாங்க, வர்ற வழியெல்லாம் நாறுது, தூக்கிப் போடலாம்னு உக்காந்தேன்' என்றார். சொல்லும்போதே நாக்கு குழறியது, கண் எங்கேயோ போனது. நான் அவர் அக்குளில் கை கொடுத்து மேட்டைப் பார்த்து இழுத்தேன். அந்தக் காற்று கனமானது, தாழ்வில்தான் படுத்திருக்கும், மேலே ஏறினால் விட்டுவிடும். செருப்பு ஒன்று போனது, குடை போனது, முட்டையை மட்டும் அந்த அம்மாள் விடவில்லை. மேட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தார், பிறகு சாய்ந்துவிட்டார். கன்னத்தில் தட்டினேன், ஃபத்லியின் பெயரைச் சொன்னேன், உன் பெயரைச் சொன்னேன், கண் திறக்கவில்லை. அதற்குள் ஓடி வந்த உன் அபாவும் நாலு பேரும் சாரத் துணியை மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் மூக்கில் காற்றுக் குழாய் வைத்தாள். அரை மணி நேரம் கழித்துத்தான் கண் திறந்தார். இன்னும் பத்தடி போயிருந்தால் அவரைத் தூக்கப் போனவர்களையும் தூக்க வேண்டியிருந்திருக்கும் என்று நர்ஸ் சொன்னாள்.

நேற்று முழுக்க வீட்டில் படுத்திருந்தார், தலைவலி மட்டும்தான். நான் கஞ்சி கொடுப்பதும், மூச்சு வருகிறதா என்று பார்ப்பதுமாக இருந்தேன். 'என்ன எந்தின், நான் தூங்கினாப் போதும், மூக்குக்கிட்ட விரலை நீட்டுறீங்க' என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார். மத்தியானத் தொழுகை முடிந்ததும் என்னால் அடக்க முடியவில்லை, காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், முட்டை கெடவில்லை, நாறியது பள்ளம், வழியைத் தப்பாகச் சொல்லி அனுப்பியது நான், எந்தப் பழி வந்தாலும் எனக்குத்தான், என் மகளை இதில் சேர்க்காதீர்கள் என்று. உன் அபா கதவுக்குப் பின்னால் நின்றார், அவர் மூச்சுகூட எனக்குக் கேட்டது. அந்த அம்மாள் மெதுவாக எழுந்து தலையணையில் சாய்ந்துகொண்டார். பிறகு 'வடக்கு எதுன்னு எனக்குத் தெரியலை, வாயத் தொறந்து கேக்க வெக்கமா இருந்தது. பையனைப் பெத்தவ, பொண்ணு வீட்ல வந்து தெரியலைன்னு எப்படிச் சொல்றது' என்றார். பெரிய வீட்டு அம்மாளும் நம்மைப் போலத்தான் பயந்துகொண்டு வந்திருக்கிறார், பார். அப்புறம் படுக்கையில் தன் பக்கத்தைக் கையால் தட்டிக் காட்டி, 'ஏன் கீழ உக்காந்திருக்கீங்க சம்பந்தி, எழுந்திருங்க, இப்படித் தெக்கால வந்து உக்காருங்க' என்றார். சம்பந்தி என்றுதான் சொன்னார், நெங், நான் இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவர் காட்டியது மேற்கு. நான் மேற்கே போய் உட்கார்ந்தேன்.

ஆனால் பயம் போகவில்லை. சோற்றுப் பானையைத் திறந்தால் அந்த வாடை வருகிற மாதிரி இருக்கிறது. நீ இருக்கிற தேசத்தில் பூமி ஆடும் என்கிறார்களே, ஆடினால் நீ எந்தப் பக்கம் ஓடுவாய், யாராவது உனக்கு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா, அவர்கள் பாஷையில் சொன்னது உனக்குப் புரிந்ததா, இல்லை வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்தாயா. கேள், இரண்டு தடவை கேள், சிரித்தால் சிரிக்கட்டும். நீயும் யாருக்காவது வழி சொன்னால் கையைப் பிடித்துக் காட்டிச் சொல். நீ அங்கே வேலையில் பார்த்துக்கொள்கிற கிழவர்கள் சரி என்று தலையாட்டினால் நம்பாதே. இங்கே நாளைக்குக் காலையில் ஊர்க்காரர்கள் எல்லோரும் போய் அந்தத் தடுப்பைக் கட்டுகிறோம், நான் முதலாவதாக மூங்கில் வெட்டுவேன். ஃபத்லியிடம் தானே இன்றைக்கு விஷயத்தைச் சொல்வதாகவும் அவன் பயப்படக் கூடாது என்றும் இபு மஸ்வானி சொல்லியிருக்கிறார், சம்மதத்தையும் தன் வாயாலேயே சொல்வாராம், அதனால் நான் முந்திக்கொண்டு சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

அல்லாஹ் உன்னை நெருப்பிலிருந்தும் நீரிலிருந்தும் கெட்ட காற்றிலிருந்தும் காக்கட்டும், உன் கை பட்ட இடம் செழிக்கட்டும், இரண்டு பேரும் தலை நரைக்கிற வரைக்கும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு வாழுங்கள். கம்பளிச் சட்டையை உள்ளே போடு, அழகுக்கு மேலே போடாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் எமா,
எந்தின்

கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று. இபு மஸ்வானி சற்று முன் ஃபத்லியைக் கூப்பிடுவதற்காக நல்ல சிக்னல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார், கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். என் எண்ணுக்கும் அவர் எண்ணுக்கும் கூப்பிட வேண்டாம். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன.