கல்குடாக் கப்பலும் என் வலது தோளும்

வெள்ளி, ஜூலை 18

கண்டியில் காலையிலிருந்தே தூறல். தொட்டிகளைக் கழுவி, மீன்களுக்குத் தீனி போட்டு, கடையை மனைவி சாந்தியிடம் ஒப்படைத்துவிட்டு மத்தியானம் கிளம்பினோம். நானும் நசீரும், அவன் வேனில். அக்குறணையில் இரும்புச் சாமான் விற்கிறவனுக்குக் கடலுக்கடியில் என்ன வேலை என்று அவன் உம்மா கேட்டாராம். நியாயமான கேள்வி. எனக்காவது சாக்கு இருக்கிறது. இத்தனை வருடமாகக் கடல் மீன் விற்கிறேன், ஒன்றைக்கூட அதன் வீட்டில் போய்ப் பார்த்ததில்லை.

ஹோட்டல் நீச்சல் குளத்தில் சுழியோடப் பழகியது போதுமா, தெரியாது.

வழியெல்லாம் சோதனைச் சாவடி. சமாதான காலம், அதனால் சிரித்துக்கொண்டே சோதிக்கிறார்கள்.

சனி, ஜூலை 19, கல்குடா

கடல் அசைவே இல்லை. எங்களைக் கூட்டிப்போனவர் ஜோசப் அண்ணன், மட்டக்களப்புக்காரர். இரண்டு தடவை இறங்கினோம். உலக யுத்தத்தில் குண்டுபட்டு மூழ்கிய எண்ணெய்க் கப்பல். முதலில் வெறும் இருட்டு. பிறகு அந்த இருட்டுக்குக் கைப்பிடிக் கம்பி முளைத்தது.

மறப்பதற்குள்:

கலவாய் மீன், என் மார்பளவு. நகரவில்லை. நான்தான் விலகினேன்.

பாரைக் கூட்டம், கப்பலைச் சுற்றிச் சுற்றி. எதற்கு?

குழாய்க்குள் விலாங்கு. வாயைத் திறந்து மூடுகிறது. கோபமா, மூச்சா?

சிங்கமீன், இரும்புக் கூரையில் வயிற்றை ஒட்டியபடி தலைகீழாக. என் கடையில் ஒன்று அப்படி நின்றபோது நோய் என்று நினைத்து மருந்து ஊற்றினேன். பாவம் அது.

சுவாசிக்க மறந்து போகும் அளவுக்குச் சந்தோசம்.

கரையில் ஜோசப் அண்ணன், "ரெண்டு பேரும் இண்டைக்கு உயரத்துக்கு ஏறப்படாது. பிளேனும் வேணாம். கேட்டயளா?" என்றார். பெரிதாகத் தலையாட்டினோம். பிளேனுக்கு நாங்கள் எங்கே போக. நுவரெலியா மலைக்குப் போகிற வேலையும் இல்லை. சாப்பிட்டுவிட்டு நேரே வீட்டுக்கு.

ஞாயிறு, ஜூலை 20

வலது தோள் வலி. காற்றுச் சிலிண்டர் தூக்கியதால் இருக்கும். சாந்தி எண்ணெய் தேய்த்தாள். வாளி தூக்க முடியவில்லை. நசீருக்கு ஒன்றுமில்லை, இத்தனைக்கும் என்னைவிட ஆழம் போனவன். அநியாயம்.

திங்கள், ஜூலை 21

காலையில் விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. சட்டைப் பொத்தானைச் சாந்திதான் போட்டாள். ஆஸ்பத்திரி. டாக்டர் யாழ்ப்பாணத்தவர். சனிக்கிழமை கடலில் இறங்கியதைச் சொன்னேன்.

"எந்த வழியால வந்தனீங்கள்?"

மகியங்கனை, பதினெட்டு வளைவு, உன்னஸ்கிரிய, தெல்தெனிய என்றேன்.

பேனையைக் கீழே வைத்தார். "கடலுக்கடியில இருந்து எழும்பி, அண்டைக்கே அந்த மலையில ஏறினீங்களோ?"

மலையா? வீட்டுக்குப் போகிற வழி அல்லவா அது. பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவனுக்கு இது உயரம் என்று எப்படித் தோன்றும்? ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த காற்று, உயரம் ஏறினால் சோடாப் போத்தலைத் திறந்தது போல் நுரைக்குமாம்.

"இஞ்ச இதுக்கு வைத்தியம் இல்லை. காத்தை அமுக்கி அந்த நுரையைத் திரும்பக் கரைக்கிற அறை திருகோணமலையில நேவியிட்டத்தான் இருக்கு. நான் கடிதம் தாறன், இண்டைக்கே போங்கோ. பிந்தினா கை உங்களுக்கு இல்லை."

வெளியே சாந்தி அழத் தொடங்கினாள். "தமிழன் தானா நடந்து போய் கேம்புக்குள்ள நுழையிறதா? எங்க அண்ணன வத்தேகமையில சுத்திவளைப்புல புடிச்சப்ப என்ன பாடுபட்டோம்னு மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. பயம்தான். நசீர் வேனைக் கொண்டுவந்து கதவைத் திறந்தான். "ஏறு மச்சான். தங்கச்சி, நீங்களும் ஏறுங்க. நான் இருக்கேன்தானே." மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை. நல்லவேளை, போகப் போக இறக்கம்தான்.

செவ்வாய், ஜூலை 22, திருகோணமலை

நேற்றையதை எழுதுகிறேன். எழுத்து கோணல், மன்னிக்க (யார் மன்னிக்க?).

வாசலில் அடையாள அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார்கள். யாருக்கோ போன். சாந்தி என் சட்டையைப் பிடித்தபடி. கடைசியில் உள்ளே விட்டார்கள், என்னை மட்டும்.

அறை என்பது படுத்த வாக்கில் ஒரு இரும்புப் பீப்பாய். என்னோடு ஒரு கடற்படைக்காரனும் உள்ளே வந்து உட்கார்ந்தான். என் வயதுதான் இருக்கும். வெளியிலிருந்து கதவைப் பூட்டினார்கள். ஒட்சிசன் முகமூடியை மாட்டிவிட்டு, "பயப்படாதே மல்லி," என்றான் சிங்களத்தில். தம்பியாம். பயந்தேன்.

காது அடைத்தது. அமுக்கம் ஏற ஏறத் தோள் வலி விட்டுக்கொடுத்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். மடங்கின.

இடையில் முகமூடியைக் கழற்றி இளைப்பாற விட்டான். எந்தக் கப்பல் என்று கேட்டான். சொன்னேன். தானும் சுழியோடிதான் என்றான், இந்தத் துறைமுகத்தில் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறானாம்.

"குண்டு தேட. இல்லாவிட்டால் எங்கள் பையன்களின் சடலங்களை எடுக்க. வேறு எதற்கும் இறங்கினதில்லை."

பிறகு கேட்டான்:

"அந்தக் கப்பலில் உயிரோடு ஏதாவது இருந்ததா?"

நிறைய என்றேன்.

"சொல்லு," என்றான். "ஒன்றையும் விடாமல் சொல்லு."