எலிக்குப் பார்த்த வைத்தியம்

என்னங்க,

அண்ணனோட ஒம்பது மணி பஸ்ஸுல மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். கழுத்துக் கட்டியை இன்னைக்கு நாலு மணிக்கு வெட்டி எடுக்கிறாக. மத்தியானம் பள்ளிக்கூடத்துல இருந்து வந்ததும், கோவத்தை ஓரமா வச்சுட்டு முதல்ல சாப்பிடுங்க. குதிரைவாலிச் சோறும் புளிக்குழம்பும் மூடி வச்சிருக்கேன்.

அமெரிக்காவுல எலிகளை ரெண்டு வாரம் ஹைட்ரஜன் வாயுவுல வச்சிருந்தாக, தோல்ல இருந்த புத்துக்கட்டி சுருங்கிருச்சுன்னு நீங்க பத்திரிகையில வாசிச்சுக் காட்டினதை நான் பொய்ங்கல. ஆனா அவுக பெரிய கூண்டு செஞ்சு, எட்டு மடங்கு அழுத்தத்துல வச்சாக. நீங்க என் அலுமினியச் சட்டியில காஸ்டிக் சோடாவைக் கரைச்சு, வந்த வாயுவைப் பலூன்ல பிடிச்சீக. சட்டியில ஓட்டை விழுந்துச்சு. பலூன் வெடிச்சு உங்க மீசையில பாதி கருகிப்போச்சு. விளக்குப் பக்கத்துல அதைக் கொண்டுபோகக் கூடாதுன்னு கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு நானா சொல்லணும்?

"பொன்னுத்தாயி, இன்னும் ஒரு மாசம் பொறு, சரியாக்கிக் காட்டுறேன்"னீக. நான் எலி இல்லீங்க.

சோதனைக்குன்னு பொறியில பிடிச்சு வச்சிருக்கிற எலியை ஊருணிப் பக்கம் விட்டுருங்க, பாவம்.

சாவியைப் பக்கத்து வீட்டு சண்முகவடிவு அக்காகிட்ட குடுத்துட்டு வாங்க.

எங்க வரணும்னு கேக்காதீக. கத்தின்னா உங்களுக்குத்தான் பயம்னு நேத்து சண்டை போட்டேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஒரு மணி பஸ்ஸைப் பிடிச்சா நாலுக்குள்ள வந்துரலாம். நீங்க வராம கழுத்தை நீட்ட மாட்டேன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்.