மிச்ச ரத்தம்

என் பிரியமுள்ள அக்கா,

உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நாலு நாளாக விஜயநகர் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். உன் ஆராய்ச்சியை எட்டு மாதம் கிடப்பில் போட்டதே ஆய்வுகளுக்கு அனுமதி தரும் அந்த நெறிமுறைக் குழு, அதில் இப்போது நானும் ஓர் உறுப்பினன். நோய் உன்னைக் கொண்டுபோகும்வரை அந்தக் கோபம் உனக்கு ஆறவில்லை. நான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றதும், பொதுமக்கள் சார்பில் உட்காரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இனி யாரையும் உன்னைப்போல் காக்க வைக்கக் கூடாது என்றுதான் போனேன்.

முதல் கூட்டத்திலேயே உன் மாணவி சௌம்யாவின் விண்ணப்பம். பூச்சிமருந்து அடிக்கும் கூலிக்காரர்களின் ரத்தத்தில் எவ்வளவு விஷம் சேர்கிறது என்ற உன் கேள்விதான். எல்லோரும் கையெழுத்துக்குத் தயார். சம்மதப் படிவத்தின் கடைசி வரி என்னை நிறுத்தியது: மிச்சமாகும் ரத்தத்தைப் பிற ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம்.

"கன்னடத்துல மட்டும் இருக்கே, அந்தக் கூலிக்காரங்கள்ல பாதிப் பேர் தமிழாச்சே, இது அவங்களுக்குப் புரியுமா?" என்று கேட்டேன். விண்ணப்பம் நின்றுவிட்டது.

வெளியே சௌம்யாவின் கண் கலங்கியிருந்தது. "சார், மழை வந்தா மருந்தடிக்கிறது நின்னுடும். மேடம் மாதிரி நானும் ஒரு வருஷத்தை விடணுமா?"

மறுநாள் இருவரும் அந்தக் கூலிக்காரர்களின் ஊரான கௌதள்ளிக்குப் பஸ் ஏறினோம். மாதம்மா என்ற கூலிக்காரப் பெண்ணிடம் படிவத்தைத் தமிழில் சொன்னேன்.

"ரத்தம் எடுத்துக்கங்க. மிச்சத்த எத்தன வருசம் வெச்சிருப்பீங்க, யாருக்குக் குடுப்பீங்கன்னு சொல்லோணுமில்லீங்களா?" என்றாள். எத்தனை வருஷம், யாருக்கு என்பதையும், வேண்டாமென்றால் மிச்சத்தை அழித்துவிடுவோம் என்பதையும் சௌம்யா அங்கேயே உட்கார்ந்து சேர்த்து எழுதினாள்.

குழுத் தலைவர் வீட்டுக்கே போய் அவசரக் கூட்டம் கேட்டு வாங்கினேன். அனுமதி கிடைத்தது. ஆனால் மழை முந்திக்கொண்டது. பாதிப் பேரிடம்தான் ரத்தம் எடுக்க முடிந்தது. மீதிப் பாதி என்னால்தான் போனதா, அக்கா?

பிறகுதான் சௌம்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மேடம் முன்னாடி எடுத்த ரத்தத்துல மிச்சம் இன்னும் ஃப்ரீசர்லதான் இருக்கு சார். அந்த ஜனங்ககிட்ட யாரும் சொல்லல."

நீயா? அவசரத்தில் விட்டுவிட்டாயா? அவர்கள் நல்லதுக்குத்தானே என்று நினைத்தாயா? உன்னைக் கேட்க வழியில்லாமல்தான் என் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேனென்கிறது.

குழுவிடம் சொல்லிவிட்டேன். அந்த வீடுகளுக்கெல்லாம் சௌம்யாவோடு நானும் போவேன். உன் பெயரை மறைக்காமல் சொல்லி, மிச்ச ரத்தத்தை வைத்திருக்கலாமா என்று கேட்பேன். வேண்டாம் என்பவர்களின் ரத்தத்தை அழிக்கும்வரை கூடவே நிற்பேன். நீ கோபித்துக்கொண்டாலும் செய்வேன்.

உன்னோடு சண்டை போட இன்னும் ஆசைப்படும் தம்பி,
ராகவன்