பட்டியலில் அடிபட்ட பெயர்

அன்பு மகன் ராஜபாண்டியனுக்கு,

சாத்தூரிலிருந்து அம்மா எழுதுவது. நான் நல்ல சுகத்தோடும் முழு நினைவோடும் இருக்கிறேன். டொராண்டோவில் நீயும் மருமகள் பிரீத்தியும் சுகமாக இருப்பீர்கள், இருங்கள். போனில் கத்தினால் நீ வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

தேர்தல் பணிக்கான இரண்டாவது பயிற்சிக்குப் போனால் பட்டியலில் என் பெயர் மேல் கோடு. முப்பத்திரண்டு வருட டீச்சரை மற்ற டீச்சர்கள் முன்னால் நிற்க வைத்து, உங்களுக்கு ஞாபக மறதின்னு டாக்டர் சர்டிபிகேட் வந்திருக்கு, வீட்டுக்குப் போங்க என்கிறார் கிளார்க். கொண்டுவந்து கொடுத்தது உன் சித்தப்பா பெத்தணனாம். அந்த டாக்டரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நேரே சித்தப்பாவின் பட்டாசுக் கடைக்குப் போய் ஆட்கள் முன்னாலேயே கேட்டேன், மனுஷர் உளறிவிட்டார். என்ன மதினி செய்ய, வீட்டை விக்க நீங்க சம்மதிக்க மாட்டீக, அம்மாவுக்கு நெனப்பு சரியில்லைன்னு கோர்ட்டுல காமிச்சு உங்க மகனே வித்துருவானாம், நீங்க எலெக்சன் டூட்டி பாத்துட்டீகன்னா அது எடுபடாதுல்லா, அதான் குடுக்கச் சொன்னான் என்றார். ஏலே, உனக்கு எப்படி மனசு வந்தது? வீடு வேண்டுமென்று நேராகக் கேட்டிருக்கலாம். கொடுத்திருக்க மாட்டேன், அது வேறு. பெற்றவளை நினைவு தப்பியவள் என்று எழுதி வாங்கியிருக்கிறாயே.

பயிற்சி நடந்த இடத்துக்குத் திரும்பவும் போய்த் தேர்தல் அதிகாரி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மாதிரி வாக்குப்பதிவு முடிஞ்சதும் என்ன செய்வீங்க என்று கேட்டார். ஏஜெண்டுகளுக்குக் கணக்கைக் காட்டி, மெஷினில் இருக்கும் ஓட்டை அழித்து, அதில் விழுந்த சீட்டுகளை எடுத்துக் கவரில் சீல் வைத்த பிறகுதான் நிஜ ஓட்டு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பெயரைச் சேர்த்துக்கொண்டார். காரியாபட்டிப் பக்கம் ஒரு கிராமம், வாக்காளர் பெயரைச் சரிபார்த்துச் சத்தமாக வாசிக்கும் வேலை. ஓட்டுப்பதிவு அன்று மதியம் ஒருத்தன் தன் அம்மா பாண்டிமீனாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அம்மாவுக்கு நெனப்பு கிடையாது, நானே அமுக்கிவிட்டுர்றேன் என்றான். அந்தம்மா தலைகுனிந்து நின்றது. வீட்டுக்காரர் பேர் என்னம்மா என்றேன். கருப்பணன், அவுக போயி ஒம்போது வருசமாச்சு, எந்தப் பட்டன்னு எனக்குத் தெரியும், இவன்தான் விடமாட்டேங்கிறான் என்றது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்லி அவனை வெளியே அனுப்ப வைத்தேன். அந்தம்மா தானே ஓட்டுப் போட்டுவிட்டு அவனைத் திரும்பிப் பார்க்காமல் போனது. அவன் முகத்தில் எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு சாயங்காலம் வரை வாசித்தேன். எழுநூற்று நாற்பத்தோரு பேர், மெஷின் கணக்கும் பதிவேட்டுக் கணக்கும் ஒன்றாக வந்தன. பணி ஆணையின் நகல் என் வக்கீல் கையில் இருக்கிறது, நீ கோர்ட்டுக்குத் தாராளமாகப் போகலாம்.

இன்னொன்று. நீ போய்ப் பதினோரு வருடம் ஆகியும் நம் வீட்டு முகவரியில் உனக்கு ஓட்டு இருந்தது. பெயரை நீக்கும் படிவத்தை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். விசாரிக்க வந்த வாக்காளர் பட்டியல் அலுவலர் வேல்விழி, உங்க மகனாச்சே, யோசிச்சுச் சொல்லுங்க டீச்சர் என்றாள். அப்படி ஒருவர் இந்த வீட்டில் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

இருக்கன்குடி மாரியம்மன் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், அவளிடம் உனக்காகக் கேட்பதை நான் நிறுத்தவில்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் ஒரு வேளை சாப்பிட வா, தங்குவதற்கு லாட்ஜ் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
சண்முகத்தாய்