நீ நிறுத்தாமல் போன நிரல்

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற இன்று மூடியைத் திறந்தேன். அந்தப் புளித்த வாடை வந்ததும், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில், இதே போன்ற பேட்டரிகளை அடுக்கிவைத்து நாம் வேலைபார்த்த அறை வந்துவிட்டது. நீயும் வந்துவிட்டாய். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. நீ முப்பதிலேயே நிற்கிறாய்.

அரியலூர் சிமெண்ட் லாரிகளின் லோடைப் பதியும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு வரியை மாற்றினாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றிக்கொண்டு அது எழுந்து நிற்பதற்குள் டீ ஆறிவிடும். நீதான் வழி கண்டாய். கனமான பகுதிகளை ஒரே முறை ஏற்றிக்கொண்டு ஒரு நிரல் சும்மா காத்திருக்கும். சோதிக்கும்போதெல்லாம் தன்னைப் போலவே ஒரு நகலைப் பிரித்துவிடும். நகல் நம் புது வரிகளை மட்டும் படித்து, ஓடி, முடிந்துபோகும். காத்திருப்பதற்குத் தாய் என்று பேர் வைத்தாய்.

"தாய்க்குள்ள இருக்கறத மாத்துனா புள்ளைக்கு எப்புடிடீ தெரியும்? பழசயே சொல்லும்" என்றேன்.

"சந்தேகப் பொறவி! அப்ப தாயக் கொன்னுட்டு மறுபடி கெளப்பு."

ஒரு காலையில் அதைக் கிளப்பிவிட்டு, ஜெயங்கொண்டத்தில் இருந்த அக்காவைப் பார்க்க வண்டியில் போனாய். வழியில் லாரி மோதியது.

உன்னை எடுத்த மறுநாள் அறையைத் திறந்தேன். உன் திரை எரிந்துகொண்டிருந்தது. ஓடும் நிரல்களின் பட்டியலில், கிளப்பியவர் என்ற இடத்தில் உன் பெயரோடு, தாய் காத்திருந்தது. ஒரு நகலைப் பிரித்தேன். அதற்கும் உன் பெயர்தான்.

அரியலூர் சிமெண்ட் ஆலையிலிருந்து போன் வந்தது. "மேடம், எடை தப்பா வருதுங்க. நாளைக்கி வண்டிங்கள நிறுத்தி வெக்க முடியாதுங்க."

எடைக் கணக்கு நீ எழுதியது, தாய்க்குள் இருந்தது. திருத்தினேன். நகல் பழைய எடையையே சொன்னது. மறுபடி பிரித்தேன். மறுபடி அதே எடை. பேய், ஆவி எதையும் நம்பாதவள் நான். ஆனாலும் நீ பிடிவாதம் பிடிப்பதுபோல் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் கை போகவில்லை.

உன் டிபன் பாக்ஸை எடுத்துப்போக உன் அம்மா வந்தார். "இது ஏம்மா இன்னும் எரியுது?"

"அவ கெளப்பிவிட்டதுங்கம்மா. அவ பேர்லயே ஓடுது."

டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "லைட்டு எரிஞ்சா அவளுக்குத் தூக்கம் வராதும்மா. அணைச்சிடு."

அவர் படி இறங்கியபின் நிறுத்தினேன். மறுபடி கிளப்பியபோது என் பெயர் வந்தது. எடை சரியாக வந்தது. லாரிகள் போயின.

இப்போதும் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும், என்னென்ன ஓடுகிறது, யார் பெயரில் ஓடுகிறது என்று முதலில் பார்க்கிறேன். யாராவது கேட்டால், வேகம் பார்க்கிறேன் என்பேன்.